கிளட்ச் மேல் பழி

வண்டியைக் கிளப்புமுன் இடது தொடையை இரண்டு கைகளாலும் பிசைகிறார் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். ஏறுகிறவர்கள் கண்ணில் படாதபடி மடியில் ஒரு துண்டு. வயது ஐம்பத்தேழு. வலி போய்விட்டது, கை மட்டும் பழக்கத்தில் அங்கே போகிறது. முன்பெல்லாம் யாராவது கேட்டால், "கிளட்சுதான். கல்லு மாதிரி இருக்கு" என்பார். இருபத்தாறு வருடமாக உடம்பில் எங்கே வலித்தாலும் பழி கிளட்ச் மேல்தான்.

நெஞ்சடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து கொலஸ்ட்ராலுக்கு தினம் ஒரு மாத்திரை. சொன்னபடி விழுங்கிவிடுவார். டாக்டர் எதிரே உட்கார்ந்தால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். "அவருக்குத் தெரியாததா?" என்று எழுந்து வந்துவிடுவார்.

நான்கு மாதம் முன்பு சளி கட்டிக்கொண்டது. டிப்போவுக்கு எதிரே இருந்த கிளினிக்கில் நுழைந்தார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்ட அவசரம். இல்லையென்று தலையாட்டிவிட்டு ஒரு வார ஆன்டிபயாடிக்கோடு வெளியே வந்தார். நாலாம் நாள் தொடைகள் இரண்டும் அடித்துப்போட்டது போல் ஆயின. ஐந்தாம் நாள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மதியம் சிக்னலில் நின்றபோது, கிளட்சை மிதித்திருந்த கால் நடுங்கி நழுவியது. பஸ் ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கண்டக்டரம்மா வந்து அவர் முகத்தைப் பார்த்தார். பயணிகளை இறக்கிவிட்டு, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

இரண்டு மருந்தும் சேரக்கூடாதவை என்றார் டாக்டர். கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்பைவிட்டு வெளியேற வழியில்லாமல் தேங்கி, தசையைக் கரைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. நான்கு நாள் கையில் ட்ரிப்ஸ் ஏறியது.

"சளிக்குப் போன எடத்துல இதயத்தப் பத்தி எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார், பக்கத்தில் இருந்த மனைவியிடம்.

"ஏன், இதயத்த வீட்டுலயே வெச்சுட்டா போனீங்க?"

இனி அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைச் சனியனே வேண்டாம் என்று அலுத்துப்போய்ச் சொல்லிப்பார்த்தார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அடைப்பு வந்த இதயத்துக்குக் காவல் வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனை சரியான பிறகு வேறொரு மாத்திரை, குறைந்த அளவில். வலித்தால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். யார் பேச்சைக் கேட்டும் தானாக நிறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இந்தத் தடவை டாக்டரிடம் இரண்டு கேள்விகள்கூடக் கேட்டார்.

நேற்று டூட்டி முடிந்து, பல்வலிக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனார். நிற்கக்கூடத் தெம்பில்லை, பின்னால் நாலு பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெண் வாயைத் திறக்கும் முன்பே, சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினார். பிறகு, மருந்தின் பெயர் அந்தப் பெண்ணுக்கு நேராக வரும்படி ஒவ்வோர் அட்டையையும் திருப்பி வைத்தார்.