சாவி அக்காவுக்குத்தான்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று தெப்ரா சாலையில் ஒரு லாரியின் டீசல் வாடை முகத்தில் அடித்ததும், கூலாயில் இப்போது தொழிற்சாலை நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எங்கள் வீட்டின் தகரக் கொட்டகையும், அதற்குள் அப்பா ஞாயிறுதோறும் பிரித்து மறுபடி பூட்டிய பழைய டீசல் காரும், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் போகாத அவர் கைக் கறுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டன. பில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகு, உள்ளே உட்கார்ந்து, எஞ்சின் கிளம்பும் அளவுக்குச் சூடேறி ஆரஞ்சு விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்ப அப்பா அக்காவைத்தான் கூப்பிடுவார்.

"எனக்கும் ஒரு தடவ தாங்கப்பா."

"நீ அவசரக்குடுக்கை லா," என்று அக்கா கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். எஞ்சின் தடதடத்துக் கிளம்பும்போது அப்பா அவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அக்கா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன வாரம், ஞாயிறன்று அப்பா காரைப் பூட்டி முடித்ததும், கூப்பிடாமலே நான் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவிக்குக் கை நீட்டினேன்.

"எறங்கும்மா, அக்கா லீவுல வரட்டும்," என்று அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் காரைக் கிளப்பாமல் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.