தெரிந்தவள் மாதிரி நிற்பது

இந்த ஊரில் பெரிய மனிதர்கள் கூச்சமே இல்லாமல் 'எனக்குப் புரியவில்லை' என்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. அலுவலகக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவரே, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம், "இன்னொரு தடவை சொல்லுங்கள், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை" என்பார். அவளும் சொல்வாள். யாரும் சிரிப்பதில்லை. அவருக்காக நான்தான் வெட்கப்பட்டுக்கொண்டு காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி இருப்பேன்.

நான் வளர்ந்தது திருப்போரூரில். அணுபுரம் குடியிருப்பிலிருந்து மனை வாங்க வருகிறவர்கள், விவரம் தெரிந்த ஆள் என்று என் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விவரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாமா மனையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஒரு சிட்டிகை மண் எடுத்து விரலில் தேய்ப்பார். தலையை மெல்ல ஆட்டி, "ம்..." என்பார். புரோக்கருக்கு வியர்த்துவிடும். "கேள்வி கேட்டியோ, ஒண்ணுந் தெரியாதவன்னு தலையில கட்டிடுவானுங்கோ பாப்பா. 'ம்'முன்னு நில்லு, அவனுக்கு வவுத்தக் கலக்கும்" என்று எனக்கும் சொல்லித் தந்தார். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டுதான் பொத்தேரியில் இன்ஜினியரிங் முடித்தேன், நேர்முகத் தேர்வுகளைத் தாண்டினேன், விமானம் ஏறினேன். என்னைப்போல் வந்த பலரும் இப்படித்தான் வந்திருப்பீர்கள்.

போன நவம்பரில் என் மகள் யாழினியின் வகுப்பாசிரியை என்னையும் அவளையும் அழைத்திருந்தார். இங்கே நாலாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. ரியால்ஷூலே போனால் சுற்றுவழி. ஆசிரியை வேகமாகப் பேசினார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நடுநடுவே தலையாட்டி "ம்... ம்..." என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கெட்டிக்காரத் தாய் என்று நினைத்திருப்பார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பஸ் நிறுத்தத்தில் யாழினி கேட்டாள்: "அம்மா, நீ எதுக்கு ஓகே சொன்ன?"

"எதுக்குடி சொன்னேன்?"

"நான் ரியால்ஷூலே போறதுக்கு. 'யாழினி நல்லா எழுதுறா, ஆனா கிளாஸ்ல வாயே திறக்கறதில்ல, அங்கதான் அவளுக்குச் சரிவரும், உங்களுக்குச் சம்மதம்தானே'ன்னு கேட்டாங்க. நீ தலையாட்டின."

"ஏண்டி வாய் திறக்கறதில்ல?" என்றேன்.

"பதில் நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் கை தூக்கணும்னு நீதானே சொன்ன?" அவள் குற்றம் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். "நேற்று நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை." ஜெர்மன் மொழியில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வாக்கியம் அது. "பிறகு ஏன் தலையாட்டினீர்கள்?" என்று ஆசிரியை உண்மையான குழப்பத்தோடு கேட்டார். திருப்போரூர் மனையையும் மண்ணையும் அவருக்கு எப்படி விளக்குவேன்? ஜனவரிக் கடைசியில்தான் பரிந்துரை எழுதுவார்களாம். அதற்குள் அவள் வகுப்பில் பேச ஆரம்பித்தால் மறுபடி யோசிப்பதாகச் சொன்னார். இங்கே பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் பயிற்சி. சாம்பார் வேண்டுமானால் கை தூக்க வேண்டும், ஏதாவது கேட்க வேண்டும். அசட்டுக் கேள்விக்குக் கைதட்டல். பிள்ளை தேறி வந்தாள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வாங்க மாமா கூட்டிப்போனார். மாமா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், "ம்..." என்று கீழே போட்டார். யாழினி கையைத் தூக்கினாள்.

"இன்னா கண்ணு, கையத் தூக்கிகினு நிக்கிற? ஒண்ணுக்கு வருதா?" என்றார் மீன்காரம்மா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாழினியும் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, செவுள்ல என்ன பாக்குறீங்க?"

"அதான் புள்ள கேக்குதில்ல, சொல்லு அண்ணாத்த! தெரிஞ்சாதான சொல்லுவ" என்று மீன்காரம்மா மாமாவைச் சீண்டினார்.

மாமாவின் முகம் சுருங்கியது. என் காதருகே வந்தார். "இன்னா பாப்பா, ஃபாரின்ல படிக்க வெச்சிட்டு, புள்ள இப்டி ஒண்ணுந் தெரியாததாட்டம் கேக்குது? வெலய ஏத்திடுவாங்கோ. சும்மா இருக்கச் சொல்லு."

யாழினி மறுபடியும் கையைத் தூக்கினாள். என் கை தானாக அவள் தோளுக்குப் போய் அழுத்தியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தூக்கிய கை இறங்கியது. அதன் பிறகு ஊரிலிருந்து கிளம்பும்வரை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "இப்பத்தான் புள்ள வெவரமா கீது" என்று மாமா மெச்சிக்கொண்டார்.

இப்போது ஜனவரிக் கடைசி வாரம். வகுப்பில் பேசினாயா என்றால் தோளைக் குலுக்குகிறாள். இன்று காலை, பனி பெய்துகொண்டிருக்க, பள்ளி வாசலில் அவளோடு நின்றேன். மணி அடித்தது. அவள் திரும்பி, தன் தோளிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். கை வைத்திருந்தது எனக்கே தெரியவில்லை.