ஒரு ஜெர்மன் சொல்லும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

யுத்த காலத்தில் சேலம் கலெக்டர் ஆபீசில் ஜெர்மன் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது சந்தேகத்துக்குரிய குணம். சென்னையில் தத்துவம் படித்தபோது, மொழிபெயர்ப்புகளை நம்பாத ஒரு பேராசிரியரிடம் கற்றுக்கொண்டது அது. வேலைக்குச் சேர்ந்த நாளில் ‘அறிந்த மொழிகள்’ என்ற கட்டத்தை நாணயமாக நிரப்பிவிட்டேன். சர்க்கார் கட்டங்களை நாணயமாக நிரப்பக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் ஒரு ஜெர்மன் பெண்மணி இருந்தார். மனோதத்துவம் படித்தவர். சொந்த நாட்டு அரசாங்கமே விரட்டிவிட்டதால் இங்கே வந்து ஒதுங்கியவர். ஆனாலும் காகிதப்படி எதிரி நாட்டுப் பிரஜை. மலையை விட்டு இறங்கக் கூடாது, எழுதுவதையெல்லாம் எங்களிடம் காட்டிய பிறகே தபாலில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு, கைதி முகாமுக்கு அனுப்பாமல் விட்டு வைத்திருந்தார்கள். மலைக்காரர்கள் அவரை டாக்டரம்மா என்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கொடுக்கக்கூடத் தெரியாது. சொல்வதை முழுக்கக் கேட்பார், அவ்வளவுதான். நான் பார்த்த டாக்டர்களில் யாரும் அதைச் செய்ததில்லை.

அவர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு ஜெர்மனில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். அதை ஆங்கிலமாக்கும் வேலை என்னிடம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: ‘அவுஃபோர்டெருங்ஸ்கரக்டர்’. சரக்கு ரயில் போல நீளமான அந்தச் சொல்லை என் அகராதி அறியவில்லை. கூடவே படங்கள். முட்டை வடிவங்கள், உள்ளே கூட்டல் குறி, கழித்தல் குறி, அவற்றை நோக்கிப் பாயும் அம்புகள்.

“இந்த ப்ளஸ் போட்ட இடத்துலதான் பாராசூட்ல எறங்குவானா?” என்று கேட்டார் எங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

“மனசைப் பத்தின படம் சார்.”

“மனசுக்கு எதுக்குய்யா அம்புக்குறி?”

அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட ‘அழைக்கும் தன்மை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். “யார அழைக்கிறா?” என்றார். ‘கோரும் தன்மை’ என்று மாற்றினேன். “ஏற்கெனவே ஊர் பூராக் கொடி புடிச்சுச் சுதந்திரம் கோரிக்கிட்டுத்தானே இருக்கான்? இவ வேறயா?” என்றார். இன்ஸ்பெக்டர் முட்டாள் அல்ல. ‘கவர்ச்சி’ என்று நான் நழுவப் பார்த்தபோது, “அப்ப இந்த மைனஸ் எதுக்கு?” என்று சரியான இடத்தில் பிடித்தார்.

விதி இதுதான். ஒரு வார்த்தைகூட விடாமல் மொழிபெயர்த்தேன் என்று நான் சர்டிபிகேட் எழுத வேண்டும், அதை இன்ஸ்பெக்டர் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். ஒரு சொல் மொழிபெயர்க்கப்படாமல் நின்றாலும் அது சங்கேதச் சொல் என்றே கருதப்படும். கட்டுரை சென்னைக்கு நிபுணர்களிடம் போகும். அவர்கள் பதில் எழுதும்வரை எழுதியவர் முகாமில் இருக்க வேண்டும். நிபுணர்கள் பதில் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆக, அந்தப் பெண்மணி மலையில் இருப்பதா, முள்வேலிக்குள் போவதா என்பது ஒரு சொல்லில் நின்றது. நேரில் விசாரிக்க என்னை மலைக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஒரு கான்ஸ்டபிள். நாமக்கல் பக்கத்துக்காரர், கனத்த சரீரம், வழி முழுக்கப் பேச்சு. எனக்கு எதற்குத் துணை என்று அப்போது யோசிக்கவில்லை.

அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. பாதி ஏற்றத்தில், மூச்சு வாங்க எல்லோரும் நிற்கும் ஒரு வளைவில், பாறைமேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. நன்றாகப் பழுத்தது. மேலே ஒரு புல் முடிச்சு கிடந்தது.

“இது நம்மளக் கூப்புடுதுங்க” என்றார் கான்ஸ்டபிள். புல்லைத் தட்டிவிட்டு ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

“யாருதோ என்னவோ.”

“யாருதா இருந்தா என்னங்க? கேக்க ஆள் இருந்தாத்தானே?”

நான் பாதையின் மேலும் கீழும் பார்த்தேன். யாரும் இல்லை. நான் எடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கான்ஸ்டபிள் உரித்து நீட்டியதைப் பெற்றுக்கொண்டேன். சட்டத்தில் இரண்டும் வேறு.

டாக்டரம்மாவின் கூரை வீட்டை நாங்கள் அடைந்தபோது, வாசலில் ஒரு விவசாயி குந்தியிருந்தார். எழுந்து கும்பிட்டார்.

“ஏனுங்க, முடிச்சுப் போட்டு வெச்சிருந்தேனே, பாக்கலீங்களா?”

“புல்லு கெடந்துது. தட்டி உட்டேன்” என்றார் கான்ஸ்டபிள்.

“புல்லு தானா வந்து முடிச்சுப் போட்டுக்குமுங்களா? ‘திரும்பி வாரேன், தொடாதீங்க’ன்னு அர்த்தமுங்க. எங்க மலையில மொளகு மூட்டை கெடந்தாலும் முடிச்சு இருந்தா ஒரு கொழந்தை தொடாது.”

“போலீசுக்கே சட்டம் சொல்றியா?”

“பழத்தத் தின்னவருக்குச் சொல்றேனுங்க.”

டாக்டரம்மா வெளியே வந்தார். நரைத்த தலை, முழங்கை கிழிந்த சட்டை. “வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க” என்றார். மலையில் கற்ற தமிழ். என் ஜெர்மனைவிட அது நன்றாக இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே மேஜைமேல் ஒரு காகிதம். நான் பார்ப்பது தெரிந்ததும் முழங்கையால் மறைத்தார். முப்பது வருஷ சர்வீசில் சொல்கிறேன், மறைக்கப்படும் காகிதத்தைப் போல் படிக்கத் தூண்டுவது வேறில்லை. கையை நீட்டினேன். தயங்கிக் கொடுத்தார்.

மை இன்னும் காயவில்லை. ஒரு வளைவு, நடுவில் ஒரு முட்டை, அதை நோக்கி இரண்டு அம்புகள். ஒன்று நேராகப் போனது. மற்றது பாதியில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு போய்ச் சேர்ந்தது. கீழே ஜெர்மனில் எழுதியிருந்தது: ‘தடித்தவர்: உடனே. மெலிந்தவர்: சுற்றிலும் பார்த்தார். மற்றவர் உரிக்கும்வரை காத்திருந்தார்.’

அந்த வளைவுக்கு அருகே வாழைத் தோட்டமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“நீங்கள்தான் வைக்கச் சொன்னீர்களா?”

வாசலில் நின்ற விவசாயி முந்திக்கொண்டார். “அம்மாதானுங்க வெக்கச் சொன்னாங்க. மேடேறி உக்காந்து பாத்துட்டு, குறுக்கு வழியா வந்து சொன்னேன். பழம் என்னுதுதான், முடிச்சும் நெசந்தான்.”

டாக்டரம்மா முகம் சிவந்தது. மேலே ஏறி வரும் எல்லோருக்கும் வைப்பதுண்டாம். வியாபாரி, வரி வசூல்காரர், ஒரு பாதிரியார். மலைக்காரர் ஒருவரும் தொட்டதில்லை, கீழேயிருந்து வந்தவர் ஒருவரும் விட்டதில்லை. பாதிரியார் பைக்குள்ளும் போட்டுக்கொண்டாராம்.

“பழுத்த பழம் ‘எடு’ என்கிறது. முடிச்சு ‘தொடாதே’ என்கிறது. கூட்டல், கழித்தல். மலைக்காரருக்கு இரண்டும் கேட்கிறது. உங்களுக்கு ஒன்றுதான் கேட்டது. நீங்கள் கேட்க வந்த சொல் இதுதான்” என்று ஜெர்மனில் சொன்னார். அமெரிக்காவுக்குப் போய்விட்ட தோழி ஒருவர், அங்கே இதற்கு ரசாயனத்திலிருந்து ஒரு சொல் எடுத்திருப்பதாக எழுதியிருந்தாராம்: ‘வேலன்ஸ்’. நான் பதறிப்போனேன். போராட்டக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கிற காலத்தில், ஜெர்மன்காரி கட்டுரையில் ரசாயனம் என்றால் இன்ஸ்பெக்டருக்கு வெடிகுண்டைத் தவிர வேறெதுவும் தோன்றாது.

இறங்கும்போது யோசித்தேன். அவர் எங்களை ஏமாற்றினார், சந்தேகமில்லை. ஆனால் தன்னை விசாரிக்க வரும் போலீஸ்காரருக்கே பழம் வைத்து, அவர் எப்படித் தின்கிறார் என்று படம் போடுகிற உளவாளி உலகத்தில் இருக்க முடியாது. அந்த அளவுக்குப் புத்தி கெட்டவர்கள் படித்தவர்கள் மட்டுமே. அவர்மேல் எனக்கிருந்த சந்தேகம் உறுதிப்பட்டதும், குற்றச்சாட்டு விழுந்துவிட்டது.

கட்டுரையில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘வாட் எ திங் டெல்ஸ் யூ டு டூ’ என்று எழுதினேன்: ஒரு பொருள் நம்மை என்ன செய்யச் சொல்கிறதோ அது.

“ஒரு வார்த்தைக்கு ஒரு முழம் எழுதியிருக்கே. பொருள் எங்கயாவது பேசுமாய்யா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கட்டுரையோடு ஓர் உறையையும் அவர் மேஜையில் வைத்தேன். அரக்கு முத்திரை, மேலே ‘கலெக்டர் மட்டும் திறக்க’ என்ற சீட்டு. தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனேன். திரும்பியபோது முத்திரை உடைந்திருந்தது. நான் காலியாகவே ஒட்டிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறை திறக்கச் சொல்லிச்சு சார். சீட்டு வேண்டாம்னுச்சு. அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.”

இன்ஸ்பெக்டர் உறையை மடித்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். பிறகு, “இது எங்கயும் எழுதப்படாது” என்றார்.

“படாது சார்.”

சர்டிபிகேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். கட்டுரை தபாலுக்குப் போயிற்று. டாக்டரம்மா மலையிலேயே இருந்தார். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்:

“மலைவாழை எப்படி, இனிப்பா இருந்துச்சா?”

பழத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வராந்தாவில் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மலைக்கு யாரைக் கண்காணிக்க அவரை அனுப்பினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

“இனிப்பு சார்” என்றேன்.