ஓலை நாக்கு

வாத்து முட்டை வாங்கத்தான் வண்டியை நிறுத்தினேன். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகும் வழியில் ஓர் ஏரிக்கரை.

தண்ணீர் முழுக்க வாத்துகள். கரையில் வாத்து மேய்க்கும் சவரிமுத்துவும் அவர் மனைவி லூர்துவும். சவரிமுத்து கையில் விரல் நீள மூங்கில் குழாய். அதன் வாயில் பனை ஓலைத் துண்டு ஒன்றை வைத்து நூலால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இது, பீப்பியா?” என்றேன். சிரித்தார். லூர்துதான் சொன்னார்.

“அவருக்குப் பேச்சு வராதுங்க சார். தொண்டைல கட்டி. ஆபரேஷன் பண்ணி உசுரக் காப்பாத்திட்டாங்க. காத்து வருது, குரலு வர்ல.”

வாத்து மேய்ப்பவருக்குக் குரலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பொழுது சாயும்போது அவர் போடும் ஒரு கூப்பாட்டுக்கு மொத்த மந்தையும் கரையேறுமாம். இப்போது ஏறுவதில்லை. லூர்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இருட்டினால், ஏறாமல் நிற்கும் வாத்துகளை நாய் இழுத்துக்கொண்டு போகிறது. மந்தையைக் கைமாற்றிவிடப் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

அதற்குள் இந்தக் குழாய்.

அந்த ஓலைத் துண்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் — நாக்கு. தடித்த ஓலை என்றால் கட்டைக் குரல். சீவச் சீவக் கீச்சுக் குரல். முதலில் செய்த நாக்கு அச்சு அசல் வாத்து. ஏரியிலிருந்து பதில்கூட வந்ததாம். ஆனால் ஒன்றும் கரையேறவில்லை.

“நான்தான் சொன்னேன்... யோவ், நீ வாத்து மாதிரி கத்துனா அதுங்க இன்னாத்துக்கு வரும்? இன்னொரு வாத்துன்னு நெனச்சிக்கினு அதும்பாட்டுக்கு மேயும். நீ உன்ன மாதிரி கூப்புடுய்யா.”

சொல்வது சுலபம். தன் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்பில் நாம் பேசி அனுப்பியதை நாமே கேட்டால்... வேறு யாரோ பேசுவது போல இல்லையா? நம் குரலைப் பத்திரமாக வைத்திருப்பது நாம் இல்லை. எதிரில் இருந்து கேட்டவர்கள்.

“போன்ல அவர் பேசினது எதுவும் இல்லையா?”

“வாத்து கூப்புடறத யாரு சார் படம் புடிப்பாங்க?”

ஆகவே லூர்துதான் பரீட்சை அதிகாரி. சவரிமுத்து சீவுவார், ஊதுவார். லூர்து உதட்டைப் பிதுக்குவார். “இது நீ இல்ல.” மறுபடி ஓலை, மறுபடி கத்தி. “இதுவும் நீ இல்ல. இது யாரோ டவுன் ஆளு.” காலடியில் கழித்துப்போட்ட நாக்குகள் சுருண்டு கிடந்தன.

வெயில் இறங்கியது. லூர்து கணவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என் முட்டைகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சவரிமுத்து புது நாக்கின் நுனியில் துளி தேன்மெழுகைத் தடவி ஊதினார். கரகரப்பாக எழும்பி, பாதியில் உடைந்து, மறுபடி நீண்டது அது.

“தோ வர்றேன் இரு. சாருக்கு முட்ட கட்டிக்கினு இருக்கேன்ல” என்றார் லூர்து, திரும்பாமலே.

பிறகு அவர் கை நின்றது. வைக்கோலை மடியிலேயே விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

சவரிமுத்து இன்னொரு முறை ஊதினார். ஏரியைப் பார்த்து அல்ல.

வாத்துகள் கரையேறியதைப் பார்த்தது நான் மட்டும்தான்.