அத்தையின் மாம்பழ கிரீம் சாண்ட்விச்

பெரியவளே, சின்னவனே, உங்கள் பிறந்தநாளுக்கு அத்தை எடுத்துவரும் கிரீம் சாண்ட்விச்சை யார் முதலில் தொடுவது என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறீர்கள். ஓரம் நறுக்கிய வெள்ளை பிரெட், உள்ளே கெட்டியான கிரீம், குறுக்கே வெட்டிய முகத்தில் மஞ்சளாக மாம்பழமும் கறுப்பாகத் திராட்சையும். ஜப்பான்காரர்களின் பண்டம் அது. போன வாரம் பெரியவள், "அத்தைக்கு இத யாருப்பா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். "யாரும் சொல்லிக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதியில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் அத்தை ஒரே ஒரு பையோடு நம் வாசலில் வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. உங்கள் அம்மா தண்ணீர் கொடுத்து, உள்ளே பாய் விரித்துப் படுக்க வைத்தாள். வீட்டுக்காரரிடம் இனிமேல் போவதில்லை என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுப் பக்கம் ஜப்பான் இன்ஜினியர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் கழுவும் வேலையும் பிடித்துவிட்டாள். மூன்று மாதம் ஓடியது. கம்பெனி பஸ்ஸில், டீக்கடையில், சர்ச் வாசலில் எல்லாரும் என்னிடம், "உங்க அக்கா இன்னுமா போவல?" என்று கேட்டார்கள். நான் ஊர் வாய்க்குப் பயந்தவன். அந்த நேரம் பார்த்து அத்தையின் வீட்டுக்காரர் போன் செய்தார். "நாலு பெரியவங்கள கூட்டிக்கினு வரேன் மச்சான். நீ பேசி அனுப்பிச்சி வை" என்றார். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அத்தையிடம் மூச்சுவிடவில்லை. உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே மே மாதம் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் சொந்த ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். சமையல் வேலைக்குச் சம்பளத்தோடு, பின்பக்கம் தங்க ஓர் அறையும் உண்டு. அந்த அறைதான் அத்தையின் கண்ணில் பட்டது. போய்க் கேட்டாள். மேனேஜர், "பாத்திரம் தேய்க்கறதும் சமைக்கறதும் ஒண்ணாம்மா?" என்று சிரித்திருக்கிறார். இவள் நகரவில்லை. மாடியில் ஓர் இன்ஜினியரின் மனைவியும் சின்ன மகளும் வந்து தங்கியிருந்தார்கள். அந்தக் குழந்தை வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஊரில் தின்ற பழ சாண்ட்விச்தான் வேண்டும் என்று அழுதது. பழைய சமையல்காரர் பிரெட்டை வெண்ணெயில் வாட்டி, டூட்டி ஃப்ரூட்டி தூவிக் கொடுத்து, அது தட்டோடு திரும்பி வந்திருந்தது. "அத செஞ்சி குடும்மா, அந்தம்மா புடிச்சிருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் மேனேஜர். இவளைத் தட்டிக் கழிக்கத்தான் சொன்னார். இவளோ மாடிக்குப் போய், சைகை காட்டி, அந்த அம்மாவின் போனில் இருந்த படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். நான் ஆள் வரச்சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்.

முதல் தடவை நடந்ததை நினைத்தால் இன்றும் உங்கள் அம்மா சிரிப்பாள். கிரீம் என்றால் பாலாடைதானே என்று அத்தை ஒரு வாரம் பாலாடை எடுத்துச் சேர்த்தாள். அதை மிக்சியில் போட்டாள். கை பழகிய பழக்கம், குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் ஊற்றிவிட்டாள். திறந்து பார்த்தால் மேலே வெண்ணெய் திரண்டு நிற்கிறது, கீழே மோர். "அண்ணி, ஜப்பான்காரிக்கு நெய் ரொட்டி குடுக்கப் போறீங்களா?" என்று உங்கள் அம்மா கேட்டாள். "சிரிடி, சிரி. உன் புள்ளைங்களுக்கு நெய்யாவது ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே அத்தை அதை உருக்கினாள். அடுத்த முறை சென்னையில் தேடி நல்ல கிரீம் வாங்கி வந்தாள். பெரிய பாத்திரத்தில் ஐஸ் கொட்டி, அதன்மேல் சின்னப் பாத்திரம் வைத்துக் கையாலேயே அடித்தாள். தோள் விட்டுப்போகும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடிப்பாள். கிரீம் கெட்டியாகி நின்றது. ஆனால் வெட்டினால் படத்தில் இருப்பதுபோல் பழம் தெரியவில்லை. ஒரு பக்கம் வெறும் வெள்ளை, இன்னொரு பக்கம் நசுங்கிய திராட்சை. ஃப்ரூட் சாலடுக்கு நறுக்குவதுபோல் பழத்தைப் பொடியாக நறுக்கி, சமமாகப் பரப்பியிருந்தாள். அதை நாம் எல்லாரும் தின்று தீர்த்தோம். அவள் மட்டும் ஒரு வாய் தொடாமல் போனில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள். "எங்க வெட்டப் போறோம்னு முடிவு பண்ணிட்டுத்தான்டா பழத்த வெக்கணும். நான் பழத்த வெச்சிட்டு எங்க வெட்டறதுன்னு பாத்துக்கினு இருந்தேன்." அதன்பிறகு மூலைக்கு மூலை ஒரு கோடு மனதில் வைத்து, அந்தக் கோட்டின் மேலேயே பெரிய மாம்பழத் துண்டை வைத்தாள். இரண்டு பக்கமும் முழுத் திராட்சை, சந்து விடாமல் கிரீம். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, கோடு எந்தப் பக்கம் என்று மறந்துபோகாமல் தாளின்மேல் பேனாவால் கோடு கிழித்து, ஃபிரிட்ஜில் வைத்தாள். எங்கள் கம்பெனியில் துளை போடும் முன் இப்படித்தான் இரும்பில் கோடு கிழிப்போம். நான் பதினைந்து வருஷமாகச் செய்கிற வேலை, எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு நாலு சாண்ட்விச்சை வைத்து, அத்தையை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தலைக்குமேல் வெயில். அவள் முந்தானையைப் பிரித்துப் பெட்டிக்கு நிழல் பிடித்தாள். அப்படியே, குரலைக்கூட உயர்த்தாமல், "நாளைக்கு அவங்க வராங்களாமே" என்றாள்.

"யாருக்கா சொன்னது?"

"உன் பொண்டாட்டிதான். ரெண்டு வாரமா தெரியும்."

"அக்கா, நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லாத. உன்னத் திட்ட இப்ப எனக்கு நேரம் இல்ல, ஐஸ் கரையுது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இந்த வேல கெடச்சா உன் ஊட்ல இருக்க மாட்டேன். கெடைக்கலன்னா இருப்பேன். அவ்ளோதான் வித்தியாசம். அங்க மட்டும் போவ மாட்டேன். கேட்டு தொறந்துட்டான், ஓட்டு."

ஓட்டினேன். கெஸ்ட் ஹவுஸ் சமையலறை வாசலில் மேனேஜர் என்னைத் தடுத்து, "நீங்க வெளிய இருங்க" என்றார். உள்ளே நடந்ததை அத்தை பிறகு சொல்லித்தான் தெரியும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, பேனாக் கோட்டின்மேல் வைத்து வெட்டியிருக்கிறாள். மூன்று சாண்ட்விச் படத்தில் இருந்ததுபோலவே வந்தன. நாலாவதில் மாம்பழம் சரிந்து, கிரீமில் ஓட்டை விழுந்திருந்தது. அதை மறைத்து வைக்கப் போனபோது அந்தக் குழந்தை கைநீட்டி அதைத்தான் முதலில் எடுத்ததாம். தின்று முடித்துவிட்டு இன்னொன்றுக்கும் கைநீட்டியதாம். அதன் அம்மா மேனேஜரைப் பார்த்துத் தலையசைத்தாள். திங்கட்கிழமை காலையில் அந்தப் பின்பக்க அறையின் சாவி அத்தை கைக்கு வந்தது. இன்று அந்தச் சமையலறையில் அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அதே மேனேஜர் அவளைக் கேட்டுத்தான் காய்கறி வாங்குகிறார். உங்களுக்குத் தெரிந்த அத்தை இவள்தான்.

ஆனால் அன்று வெளியே நின்ற எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்றுகூடத் தெரியாது. கதவு மூடியிருந்தது. நான் காம்பவுண்டு சுவர் ஓரமாக, லாரிச் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்த இடத்துக்குப் போய், அத்தையின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"சொல்லு மச்சான். நாளைக்குக் காரு சொல்லிட்டேன்" என்றார்.

"வேணாம்னு சொல்லிடுங்க மாமா. அக்கா வராது."

"யாரு சொன்னா, அவளா?"

"நான் சொல்றேன்."

அவர் என்னை, செத்துப்போன என் அப்பாவை, உங்கள் அம்மாவை, எல்லாரையும் திட்டினார். முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முடித்ததும், "அக்கா வராது மாமா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தேன்.