லூடீன் எழுதாமல் விட்ட சுற்று

அந்தக் காலத்தில் வட கரோலினா மலையடிவாரத்து ஆப்பிள் கிரீக் மைதானத்தில் கார் பந்தயம் நடந்தால், யார் எத்தனை சுற்று ஓடினார்கள் என்று எண்ணியது இயந்திரம் இல்லை, ஓட்டுகிறவர்களின் பெண்டாட்டிகள்தான். பாதையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு பரண். அதில் இருபது பெண்கள், இருபது பென்சில்கள். தன் பொறுப்பில் உள்ள கார் கோட்டைத் தாண்டியதும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடியைத் தாளில் அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்துமூன்று நொடி. அதற்குள் ஒரு தும்மல் தும்மலாம், பக்கத்துக்காரியின் புதுத் தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்கு மேல் முடியாது.

லூடீன் ஆப்ஷர் அந்தப் பரணில் பதினான்கு வருஷம் உட்கார்ந்தவள். வாரநாளில் காலுறை ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பரண். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே காரின் எண்ணைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை காற்றில் பரண் கூரை பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து மாவட்டத்தில் விழுந்தது. எல்லோரும் அதைத் துரத்திக்கொண்டு ஓட, லூடீன் மட்டும் மழையில் உட்கார்ந்து இன்னும் மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அவளுடைய மூத்த மகள் எழுபதாவது சுற்றுக்கும் எண்பதாவது சுற்றுக்கும் நடுவில் பிறந்ததாகவும், அப்போதும் ஒரு சுற்றுகூட விட்டுப்போகவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். லூடீன் அதை மறுத்ததே இல்லை.

அவள் புருஷன் கிளேட், மர ஆலைத் தொழிலாளி. அவரைக்காய்ப் பச்சை நிறத்தில் முப்பத்தெட்டாம் எண் கார் அவனுடையது. வருஷம் முழுக்கச் சேர்த்த புள்ளிக்குக் கொடுக்கும் பட்டத்தில் நான்கு வருஷம் தொடர்ந்து இரண்டாம் இடம். அதற்குக் கொடுக்கும் சின்னக் கேடயங்கள் நான்கையும் கோழிக்கூண்டின் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தான்.

வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டத்துக்கு மோதும் இருவரின் மனைவிகளும் காரை மாற்றிக்கொண்டு எண்ண வேண்டும். சொந்தப் புருஷனுக்கு ஒரு சுற்று கூட்டிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம், அக்டோபர் கடைசி ஞாயிறு. கிளேட்டும் பர்ல் ஷூமேட்டும் சம புள்ளியில் நின்றார்கள். இருவரில் யார் முன்னால் முடிக்கிறானோ அவனுக்குப் பட்டம். லூடீன் கையில் பர்லின் ஏழாம் எண் தாள். பர்லின் மனைவி ஒலீட்டா கையில் கிளேட்டின் தாள். இருவருக்கும் நடுவில் வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம்.

“உன் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு கூடப் போடட்டுமாடி?” என்றாள் ஒலீட்டா, தோலைத் துப்பியபடி.

“போடு. அவன் ஓட்டுற லட்சணத்துக்கு அஞ்சாறு தேவப்படும்.”

“என் ஆளுக்கு நீ கொறச்சுடாத தாயே. தோத்துட்டு வந்தா ஒரு வாரம் நாயோடகூடப் பேச மாட்டான். அப்புறம் நாய் எங்கிட்ட வந்து அழும்.”

இரண்டு கார்களும் நூற்று நாற்பது சுற்று மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு ஓடின. நூற்று நாற்பத்திரண்டில் பச்சைக் கார் சுவரில் போய் இடித்து, பொறி பறக்க நின்றது. லூடீன் எழுந்து நின்றாள். பந்தயத்தை நிறுத்தக் கொடிக்காரன் கையைத் தூக்குவதற்குள் கார் இருமி, குலுங்கி, மறுபடி நகர்ந்தது. அவள் உட்கார்ந்தாள். ஏழாம் எண் வந்தது, நொடியை எழுதினாள்.

இருநூறு சுற்று முடிந்தபோது முதலில் கோட்டைத் தாண்டியவன் பர்ல். கிளேட் அரைச் சுற்று பின்னால். ஆனால் தாள்களை எண்ணிப் பார்த்த தலைமைக் கணக்கர் ஹோபர்ட் க்ரவுஸ் ஒலிபெருக்கியில் வேறு சொன்னார். பர்லுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது கட்டம்தான் நிரம்பியிருக்கிறது, கிளேட்டுக்கு இருநூறு; பட்டம் கிளேட்டுக்கு. பர்ல் தலைக்கவசத்தைக் கழற்றி, பதில் அதற்குள் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லூடீன் தன் தாளின் கார்பன் பிரதியைக் கையில் பிடித்தபடி படியில் இறங்கி ஓடினாள். பழக்கதோஷம், விரல் எண்களின் மேல் ஊர்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எண்ணியது. இருபத்துமூன்று நொடி, இருபத்துமூன்று, நாற்பத்தாறு, இருபத்துமூன்று. பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. பர்ல் அன்று ஒருமுறைகூட எங்கும் நிற்கவில்லை.

கீழே கிளேட் இடுப்புயரக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். கூட்டத்துக்கு இல்லை, அந்தப் படிக்கட்டுக்கு. க்ரவுஸ் இனி அந்தத் தாளை எடுத்துப் பார்க்கப் போவதில்லை. பிரதியோ மெல்லிய காகிதம், கடலையோடு சேர்த்து மென்றுவிடலாம். லூடீன் படியேறித் திரும்பினாள்.

“மிஸ்டர் க்ரவுஸ், ஏழாம் நம்பருக்கு ஒரு சுத்து நான் எழுதல.”

“விடும்மா. மைக்குல சொல்லியாச்சு.”

“மைக்குல சொன்னத மைக்குலயே மாத்துங்க.”

“உன் புருஷனோட பட்டம்மா அது. கீழ அவனப் பாரு.”

“அவனப் பாத்ததுதான் தப்பாப் போச்சு.”

க்ரவுஸ் தாளைப் பார்த்தார், புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார், மைக்கை எடுத்தார்.

கிளேட் அறிவிப்பை முழுக்கக் கேட்டான். பிறகு கோப்பையைச் சுமந்துகொண்டு போய் பர்லின் கார் மூக்கின் மேல் வைத்தான்.

“மெதுவாடா, பெயின்ட் உரியுது,” என்றான் பர்ல். பிறகு, “எம் பொண்டாட்டியா இருந்தா அந்தத் தாளத் தின்னுருப்பா,” என்றான்.

“கடலையோட,” என்றாள் ஒலீட்டா.

வீடு திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் கிளேட் வண்டியை மெதுவாக்கினான்.

“பதினாலு வருஷத்துல நீ ஒரு சுத்து விட்டதில்ல.”

“இல்ல.”

“இன்னிக்கு எங்க பாத்துட்டு இருந்த?”

“நீ செவுத்துல இடிச்சு நின்ன. இருக்கியா போயிட்டியான்னு பாத்தேன்.”

“நான் நல்லாத்தான் இருந்தேன்.”

“அது எனக்கு அப்புறந்தான தெரிஞ்சுது.”

அவன் கடலைப் பொட்டலத்துக்குள் கையை விட்டுத் துழாவினான். வெறும் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. இருந்தும் விரலை நக்கிக்கொண்டான்.

கிளேட் அதற்குப் பிறகும் பட்டம் வாங்கவில்லை. மாற்றிக்கொண்டு எண்ணும் வழக்கத்தை க்ரவுஸ் மறுவருஷமே நிறுத்திவிட்டார். எந்தக் காரைக் கொடுத்தாலும் அவளவள் தன் புருஷனைத்தான் பார்க்கிறாள் என்றார். பின்னால் சுற்றை எண்ண மின்கம்பி போட்ட கருவிகள் வந்தன, பரணைப் பிரித்து யாரோ பன்றித் தொழுவம் கட்டினார்கள். அந்தக் கார்பன் பிரதியை மட்டும் கிளேட் தன் வண்டியின் வெயில் மறைப்புக்குப் பின்னால் சொருகியிருந்தான். எழுத்து மங்கி, கட்டங்கள் எல்லாம் ஒரே நீலப் புகையான பிறகும், ஏறி உட்கார்ந்தவர்களிடம் அதை எடுத்துக் காட்டுவான். நூற்று நாற்பத்தொன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கும் கோட்டின் மேல் விரல் பிசகாமல் போய் நிற்கும்.

“இந்த எடத்துல என்னையத்தான் பாத்துட்டு இருந்தா,” என்பான்.