எண் போட்ட மரங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சின்னமனூர்ப் பக்கம் ஓவர்சியராக இருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். அங்கே டீக்கடை வைத்திருந்த அக்கா, கடைக்கும் வீட்டுக்குமாகக் காட்டு ஊற்றிலிருந்து தினமும் எட்டுக் குடம் தண்ணீர் சுமப்பார். இடுப்பு ஒரு பக்கமாகவே சாய்ந்துபோயிருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் திட்டம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "கொழா எப்பய்யா வரும்?"

குழாய் போகும் வழியில் இரண்டு பர்லாங்கு காப்புக்காடு. காட்டு நிலத்தில் எது செய்வதென்றாலும் டெல்லி வரை போய் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மலைச்சரிவுகள் மொட்டையானதைக் கண்ணால் பார்த்தவன் நான். கோபமெல்லாம் அந்தக் கோப்பின் மேல்தான். வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை என ஒருமுறை திரும்பி வந்தது. நான்கு நகல் போதாது, ஆறு வேண்டும் என இன்னொரு முறை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

மூன்றாம் முறை மரக்கணக்கு கேட்டார்கள். வனக்காவலரான கார்டோடு போய் வழியிலிருந்த ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டேன். மொத்தம் பத்தொன்பது. ஏழாம் எண் தான்றி மரத்தின் உச்சியில் மலை அணில் கூடு கட்டியிருந்தது. வரைபடத்தில் குழாயை அங்கங்கே வளைத்து, ஒரு மரம்கூட விழாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரேஞ்சர் பார்வையிட வரும் நாளை ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். நானும் அவரோடு ஜீப்பில் போய் இறங்கினேன். ஊரே மாலையோடு நின்றது. காட்டுக்குள் நுழைந்தால், ஊற்று வரைக்கும் ஒரே வெயில். பத்தொன்பது மரங்களும் தரையில் கிடந்தன. நான் போட்ட எண்கள் அப்படியே பளிச்சென்று தெரிந்தன. ஏழாம் எண் தான்றியும் கிடந்தது.

எங்கள் பக்கம் ரோட்டோர மரத்தில் எண் விழுந்தால், அடுத்து ரம்பம்தான் வரும். அது எனக்குத் தெரியாததா? கார்டு திருவிழாவுக்குத் தன் ஊருக்குப் போயிருந்த சமயம், வீட்டுக்கு ஒரு ஆளாக இறங்கி, அதிகாரி வருவதற்குள் வேலையை முடித்துவைத்திருந்தார்கள்.

"ஐயா வாராகன்னு ரெண்டே நாள்ல முடிச்சிட்டோம். இனி பள்ளம் தோண்ட வேண்டியதுதான்" என்று அக்கா சிரித்தார்.

ரேஞ்சர் அங்கேயே நின்றபடி எழுதினார்: அனுமதிக்கு முன்பே மரங்கள் வெட்டப்பட்டுள்ளன. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று கெஞ்சினேன், கத்தினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

திட்டத்தைக் கைவிட்டதாகக் கடிதம் வந்ததும், அதைச் சொல்ல நானே போனேன். அக்கா சத்தம் போடவில்லை.

"நம்பர் போட்ட அன்னைக்கு எங்கடையிலதானய்யா டீ குடிச்சீக. வெட்டக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆறு நகல் எழுதியவன் நான். அந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றுக்குக் கிளம்பினார். அந்த வழியில் இப்போது நிழலும் இல்லை.